கருப்பு என்கிற வெள்ளைக் குட்டியின் விண்ணப்பம்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துத் திருடன் என்று சொல்வதைவிட அது மரியாதை. ஒரு விண்ணப்பத்தில் நிரப்பாமல் கிடந்த பெட்டியிலிருந்து கிடைத்தது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எனக்கு ஒரு நெட் சென்டர் உண்டு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், காற்றைவிட அதிகமாகச் சத்தம் கொடுக்கும் ஒரு மின்விசிறி. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிறப்புப் பதிவில் விட்டுப்போன பெயர், இறப்புப் பதிவில் தப்பாக ஏறிய பெயர் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஆள் வராத நேரத்தில் அதே விரலால் கதை எழுதுவேன். ஷிஜி, என் மனைவி, இரண்டையும் 'டைப்பிங் வேலை' என்றுதான் சொல்கிறாள்.

நாய் வளர்ப்பவர்கள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்று வந்ததிலிருந்து என் கடைக்கு நாய்களும் வர ஆரம்பித்தன. அப்படித்தான் செங்கொடி வந்தாள். எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஆற்றில் இறங்கி இறால் பிடிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். பழைய துண்டில் சுற்றிய ஒரு குட்டியை மார்போடு அணைத்திருந்தாள்.

"பேரு?" என்றேன், திரையைப் பார்த்தபடி.

"கருப்பு."

அடித்தேன். "நிறம்?"

"வெள்ள."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இர்ண்ணா. அந்த பேர அழி. அது இன்னும் முடிவாவல. வூட்ல பேச்சு போய்க்கினு கீது."

அழித்தேன். மற்றதெல்லாம் நிரம்பியது. இனம்: நாட்டு நாய். வயது: ஐந்து மாதம். அடையாளம்: வலது கண் இல்லை, இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். பெயர் என்ற பெட்டி மட்டும் காலி. அதை அப்படியே சேமித்து வைத்தேன். அவள் போனபிறகும் அந்தக் காலிப் பெட்டி என்னை விடவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் முட்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் காட்டுகிறேன்.

முதல் முயற்சி: 'ஆற்றில் எண்ணெய் மிதந்து வந்த அந்த மழைக்காலக் காலையில், எண்ணூரின் கண்டல் செடிகள் யாவும் கரிய—'

(வேண்டாம். 'யாவும் கரிய' என்று எழுதியவனைப் பிடித்து உதைக்க வேண்டும். அதோடு, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அடுத்த வரியிலேயே கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இது என் கதையில் வந்த எண்ணெய். பேப்பரில் தேடாதீர்கள்.)

இரண்டாம் முயற்சி: 'நான் ஒரு நாய்க்குட்டி. என் முதல் ஞாபகம் ஒரு வாசனை—'

(நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். இந்த ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அவ்வளவு தொண்டை இல்லை.)

மூன்றாவது, அவள் சொன்னபடியே. இதுதான் நின்றது. கண்டல் செடி வேருக்குள் இறால் தடவும்போது*, தண்ணீருக்கு மேலே நீட்டிய வேரிடுக்கில் அவள் கையில் ஏதோ கொழகொழவென்று மாட்டியது. எடுத்துக் கரையில் போட்டாள். பிறகு பார்த்தால் அது ஒரு நாய்க்குட்டி. தலையிலிருந்து வால்வரை தார் போல எண்ணெய். 'பாவம், கருப்புக் குட்டி, கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருக்கு' என்றுதான் வீட்டிலும் தெருவிலும் நினைத்தார்கள். பெயரும் வைத்துவிட்டார்கள். தினமும் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, கடலைமாவு போட்டுத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் அலசினாள். பதினோராம் நாள் ஒரு காது வெள்ளையாக வெளியே வந்தது.

"தெருவே சிரிச்சிதுண்ணா. எனக்கு மட்டும் அழுவ வந்துச்சு. இது இம்மா நாளா உள்ள இருந்துகினே கீதேன்னு."

பதினோரு நாள் ஒரு குட்டியைத் தேய்த்து, அதன் நிறத்தையே வெளியே எடுத்தவள் அவள். நான் ஒரு கதையைப் பதினோரு நாள் தேய்த்ததில்லை. மூன்றாம் நாளே பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன்.

* அவள் வேலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மார்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பது. இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பறி என்று பெயர். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் வாய் திறக்க முடியாது. திறந்தால் பறி போச்சு.

3

சரி, வெள்ளை நாய்க்குக் கருப்பு என்று பெயர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பாரிக்கு நஷ்டம். பாரி, செங்கொடியின் கணவர். இருபது வருடம் அவளோடு அதே ஆற்றில், அதே தண்ணீரில், பறியைக் கடித்துக்கொண்டு நின்றவர். எண்ணெய் வந்த பிறகு கை முழுக்கப் புண். பிடித்த இறாலில் மண்ணெண்ணெய் வாடை என்று சந்தையில் முகத்தைத் திருப்பினார்கள். புண் ஆறியது. ஆறு ஓரளவு தெளிந்தது. செங்கொடி மறுபடி இறங்கினாள். பாரி இறங்கவில்லை. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவள் "கருப்பு" என்று கூப்பிடும்போதெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம்.

"அது பேரு இல்லம்மே. ஆத்துக்கு வந்த நோவு. அத்த தெனிக்கும் வூட்டுக்குள்ள கூப்புட்டுகினு கீற. நாயி இருக்கட்டும், நான் வோணாங்கல. பேர மாத்து."

என் முதல் வரைவில் நான் பாரியைக் கொஞ்சம் முரடனாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு எதிராளி இருந்தால் வேலை சுலபம். படிவத்தைப் பற்றி விசாரிக்க வந்த செங்கொடியிடம் பெருமையாக அதைப் படித்தும் காட்டினேன். முதல் பக்கத்திலேயே கையை நீட்டி நிறுத்தினாள்.

"தபாரு, அவர கெட்டவனாக்காத. குட்டிக்கு கண்ணு தெரிலன்னதும் லீவு போட்டுட்டு மாதவரம் ஆஸ்பத்திரிக்கு மடில வெச்சு தூக்கினு போனது யாரு, நீயா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இந்தப் பக்கம் அவளால் வந்தது.

4

பெயரை மாற்றினால் குட்டிக்கு நஷ்டம். அதுதான் சிக்கலே.

கண் தெரியாத அந்தக் குட்டிக்கு அந்தப் பெயர்தான் கைக்கோல். "கருப்பு" என்று அவள் சொன்னால் கட்டிலைச் சுற்றி, குடத்தைச் சுற்றி, நேரே அவள் காலடியில் வந்து நிற்கும். மாற்றிப் பார்க்காமலும் இல்லை. வெள்ளை என்றாள், பாலு என்றாள், டைசன் என்றாள். கையில் சுட்ட மீனை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். குட்டி உட்கார்ந்த இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்ததாம். ஒருநாள் "பாலு" என்ற குரலைத் தேடிப் போய்த் தெருச் சாக்கடையில் விழுந்தது. அதிலிருந்து, பாரி வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் அதைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அது கட்டிலுக்கடியில் காத்துக் கிடக்கும்.

"கூப்புடாம இருந்தா அதுக்கு வூட்டு லைட்ட அணைச்ச மாதிரிண்ணா."

இதுவரை எழுதியதை ஷிஜி படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள். "இவளுக்கு ஒரு குறையும் இல்லையா? நீங்க இவளைப் படம் போட்டு மாலை மாட்டியாச்சு. இப்படி ஒரு பொம்பளை எங்கயும் கிடையாது."

சுருக்கென்றது. ஷிஜி சொல்வது எப்போதுமே சரியாக இருப்பது இந்த வீட்டின் பெரிய பேஜாரு. அவள் சொன்னபிறகு செங்கொடியை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். அடுத்தமுறை வந்தபோது, எழுத்தாளர்களுக்கே உரிய அசட்டுத் தைரியத்தோடு, "நீ தப்பே பண்ணினது இல்லையாம்மா?" என்று கேட்டும்விட்டேன்.

குட்டியின் காதைத் தடவினாள்.

"அன்னிக்கு கைல மாட்டுச்சு பாரு, உயிரோட கீதுன்னு எனக்கு தெரியும். விரல கவ்வுச்சு. பல்லு கூட மொளைக்கல. ஆனா அன்னிக்கு எறா நல்லா ஓடிக்கினு இருந்துது. கரைல போட்டுட்டு மேல்பக்கம் பூட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் வந்து எடுத்தேன். டாக்டரு சொன்னாரு, எண்ணெ கண்ல அவ்ளோ நேரம் இல்லன்னா ஒரு கண்ணாவது பொழச்சிருக்கும்னு."

துண்டின் முனையால் குட்டியின் கண்ணோரத்தைத் துடைத்தாள்.

"அதாண்ணா. கண்ண தான் எடுத்துட்டேன். பேரையும் எடுக்கணுமா?"

கேட்டிருக்காவிட்டால் அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கேட்டதற்கும் மழுப்பியிருக்கலாம். நான் முப்பது வருடமாக எழுதுகிறேன், என் தப்பு எதையும் இப்படி நேராக ஒரு வரியில் சொன்னதில்லை. யாரோ ஒரு பாத்திரத்தின் தலையில் கட்டித்தான் பழக்கம். ஷிஜி, குறை கேட்டாயே, கிடைத்துவிட்டது. எனக்கு அவள் மேல் இருந்த மதிப்பு அதனால் கூடித்தான் போயிற்று, என்ன செய்ய?

5

இந்த இடத்தில் என் பங்குக்கு ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். அவளுக்கு யோசனை சொன்னேன்.

கருப்பு என்றே இருக்கட்டும் என்றேன். அழகாக இரண்டு காரணமும் சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. எண்ணெயில் பிறந்த பெயரைச் சுமக்கும் ஒரு வெள்ளை நாய்! எந்தப் பத்திரிகையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். பெயரை மாற்றிவிட்டால் என் கதைக்கு முதுகெலும்பு இல்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் கதைக்கு ஷோக்கா இருக்கும்னு என் நாய்க்கு பேரு வெக்கணுமா?"

எழுதும் ஆட்களின் மூஞ்சியைப் படிக்க அவளுக்கு எங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அன்று அவள் போனபிறகு நான் இரண்டு முடிவுகளை எழுதி வைத்தேன்.

முடிவு அ: பெயர் மாறுகிறது. பாரி சாப்பிடுகிறார். குட்டி மெல்ல மெல்லப் புதுப் பெயருக்கு—

முடிவு ஆ: பெயர் மாறவில்லை. பாரி மெல்ல மெல்ல—

இரண்டிலும் 'மெல்ல மெல்ல' வந்ததைப் பார்த்ததும் இரண்டையும் தூக்கிப் போட்டேன். எழுதுகிறவனுக்கு வழி தெரியாதபோது வருகிற சொல் அது.

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கதைக்காக நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

6

ஆற்றுப் பாலத்தில் காலை ஆறரை மணி. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கீழே தண்ணீர் வற்றியிருக்கும் நேரம். மார்பளவு ஆழத்தில் செங்கொடி குனிந்திருந்தாள். பல்லில் பறி. கை இரண்டும் தண்ணீருக்குள். முகம் மட்டும் மேலே, கண் எங்கோ இருந்தது. விரலால் பார்த்துக்கொண்டிருந்தாள் போலும். சட்டென்று ஒரு தோள் அசையும், கை மேலே வரும், ஒரு இறால் பறிக்குள் போகும். நான் எண்ணுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் குட்டி.

பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வாட்ச்மேன் சட்டை, கறுப்பு ஷூ. ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பாரி. என்னைக் கடையில் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"இன்னா சார், இங்க?"

"சும்மா."

கீழே இறங்கிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரும் பார்த்தார். தினமும் இங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. இது செங்கொடிக்குத் தெரியாது.

அப்போதுதான் குட்டி கரையை விட்டு மேலே ஏற ஆரம்பித்தது. எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டு, நேராக லாரிப் பாதையைப் பார்த்து. முன்னால் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"கருப்பு!" என்று கத்தினேன்.

பக்கத்தில் பாரியின் உடம்பு ஒருமுறை சுருங்கியது. குட்டி நின்றது. அது பழகிய குரல் இல்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. பிறகு தப்பான பக்கமே நடந்தது. இன்னும் பத்தடி.

செங்கொடி பார்த்துவிட்டாள். கரைக்கு வர நேரமில்லை. வாயில் பறி. கூப்பிட முடியாது.

தண்ணீரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடித்த பல்லுக்குள்ளிருந்து, மூக்கும் தொண்டையுமாக. ஒன்று நீளம், ஒன்று குட்டை. எழுத்தில் எப்படிப் போடுவது? 'ம்ம்ம்ம், ம்' என்று போடலாம். அது அது இல்லை.

குட்டி அப்படியே திரும்பியது. கண் தெரிகிற நாய்கூட அப்படி ஓடாது. ஒரே கோடாகச் சரிவில் இறங்கி, தண்ணீர் விளிம்பில் போய் நின்று வாலை ஆட்டியது.

நான் அதை மட்டும்தான் பார்த்திருப்பேன். ஆனால் என் காதுக்கு ஒரு அடி தள்ளி, அதே நொடியில், இன்னொரு சத்தம் கேட்டது. மூடிய உதட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டை 'ம்'.

பாரி பதில் கொடுத்திருந்தார்.

கொடுத்தது அவருக்கே தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. காது வரை சிவந்துவிட்டார். இருபது வருடம் புருஷனும் பெண்சாதியும் வாயில் பறியோடு ஆளுக்கொரு பக்கம் தடவிக்கொண்டு போகும்போது, ஆழம் பார்த்து வா, இங்கே இறால் இருக்கிறது, நேரமாயிற்று போகலாம் என்று எல்லாவற்றுக்கும் அவள் அவரைக் கூப்பிடும் சத்தம் அது.

அந்த 'ம்' தண்ணீர் வரை போயிருக்கிறது. செங்கொடி நிமிர்ந்தாள். பாலத்தைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள், பல்லெல்லாம் தெரிய. பறி தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தது. இரண்டு மணி நேரத்து இறால் அத்தனையும் வந்த வழியே போயிற்று.

"அது என் பேராச்சேம்மே!" பாரி பாலத்திலிருந்து கத்தினார். "நாய்க்கா வெச்ச?"

"நீதான் ஆத்துக்கே வர்றதில்லியே!" கீழேயிருந்து பதில் வந்தது. "சும்மா கெடந்துது. குடுத்துட்டேன்!"

ஒரு லாரி டிரைவர் தலையை நீட்டி எங்கள் மூவரையும் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியது. சொல்லிவிடுவதில் என்ன இருக்கிறது?

பாரி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கடை திறக்க வேண்டும், பஸ் வந்துவிட்டது. இன்னொரு ஷூ கழன்றதா என்று தெரியாது. எழுத்தாளன் என்பதால் கழற்றி விடலாம்தான். இருபது வருடம் ஆற்றில் நின்றவருக்கு நான் யார் ஷூ கழற்ற?

7

மறுநாள் சாயங்காலம் செங்கொடி கடைக்கு வந்தாள். மேஜைமேல் ஒரு பாலிதீன் பை வைத்தாள். கனமாக இருந்தது.

"இன்னிக்கு ரெண்டு பறி எறாண்ணா. அண்ணிக்கு குடு."

எப்படி இரண்டு பறி என்று நான் கேட்கவில்லை. ஒருத்தருக்கு ஒரு வாய்தான் உண்டு என்பது எனக்கும் தெரியும்.

"இந்தச் சத்தத்துக்கு அது வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். வாய தொறக்காமயே எத்தினி நாளு அத்த கரைல மேய்ச்சிகினு இருந்தேன். வூட்ல போடல. அவுரு பேரு ஆச்சே, அவுருக்கு முன்னாடி எப்டி?"

"இப்போ?"

"இப்போதான் பேஜாரு." துண்டுக்குள்ளிருந்து குட்டி தலையை நீட்டியது. "ஆத்துல சத்தம் குடுத்தா ரெண்டும் திரும்புது. அவுரு சொல்றாரு, எனக்கு என் பேரு வோணும், அதுக்கு வேற வெய்யின்றாரு. ஒடனே, வோணாம் பாவம், அதுக்கு கண்ணு தெரியாது, அதுவே வெச்சிக்கட்டுன்றாரு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மாத்தலாமா, வோணாமா? படிச்ச ஆளு, நீயே போட்டு அனுப்பு."

அவள் போய்விட்டாள். சேமித்து வைத்த விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'பெயரை நிரப்பவும்' என்று சிவப்பில் கேட்கிறது. கருப்பு என்று போட்டால் அது அவள் அழிக்கச் சொன்ன பெயர். 'ம்ம்ம்ம்' என்று போட்டுப் பார்த்தேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது, ஆனால் எனக்கே மனசு வரவில்லை. அது அவள் கூப்பிட்டது இல்லை. அதில் பல் இல்லை, பறி இல்லை, ஆறு இல்லை. முப்பது வருடம் எழுதியும், என் கதாநாயகனின் பெயரை எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆகவே இதை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். பக்கத்தில் துண்டோ புடவைத் தலைப்போ இருந்தால் அதன் முனையைப் பல்லால் கெட்டியாகக் கடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய ஒருவரைக் கூப்பிடுங்கள். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

யாராவது திரும்பினால், வந்து இந்தப் பெட்டியை நிரப்பிக் கொடுங்கள்.